எழுத்தாணியும் முத்திரையும்
(பல்கலைக்கழகங்களில் ஆசிரியரும் ஆட்சியாளரும் – ஒரு வரலாற்று நோக்கு)

முன்னுரை

தொண்டை நாடு ஏரிகளால் வாழ்ந்த நாடு. அந்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் இவ்வேரி, 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையின்போது திறக்கப்பட்டு, அடையாற்றின் இருகரையும் வெள்ளக்காடான வேளையில், நாடெங்கும் ஒரு வினா எழுந்தது. மதகைத் திறக்கும் முடிவு யாருடையது? நீரின் அளவை நாள்தோறும் அறிந்தவருடையதா, கோட்டையிலிருந்து ஆணையிடுபவருடையதா? அறிந்தவர் ஒருவராகவும் ஆணையிடுபவர் மற்றொருவராகவும் இருக்குமிடமெல்லாம் இவ்வினா எழுந்தே தீரும்.

கல்விக்கூடங்களிலும் இதுவே நிலை. பாடம் எதுவென அறிந்தவர் ஆசிரியர். பாடம் எதுவென ஆணையிடுபவர் ஆட்சியாளர். ஒருவர் கையில் எழுத்தாணி, மற்றொருவர் கையில் முத்திரை. இவ்விரண்டிற்குமிடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டு வந்துள்ளது என்பதைத் தமிழக வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. எந்தக் கவிஞர் பாடநூலில் இடம்பெறுகிறார், எந்த இலக்கியம் வகுப்பறையை எட்டுகிறது, தமிழ் கற்பிக்கப்படுகிறதா என்பனவெல்லாம் இப்பங்கீட்டைச் சார்ந்தே முடிவாகியுள்ளன என்பதை வரலாறு காட்டுகிறது.

கடிகையும் வாரியமும்

பல்லவர் காலக் காஞ்சியில் விளங்கிய கடிகை, தென்னகத்தின் தொன்மையான உயர்கல்வி நிறுவனங்களுள் ஒன்று. கடம்ப அரச மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், கல்வி நிறைவுறும் பொருட்டுக் காஞ்சிக் கடிகைக்கு வந்தான் எனத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறும். கல்வி கற்க வந்த அவன், பல்லவர் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட பூசலால் ஏட்டை விடுத்து வாளை ஏந்தினான் என்பதும் அக்கல்வெட்டுத் தரும் செய்தியே. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ அரியணைக்கு உரியவர் இன்றி நாடு தவித்தபோது, இரணியவர்மனிடம் சென்று அவன் மகன் பல்லவமல்லனை அரசனாக அழைத்து வந்தோருள் கடிகையாரும் இருந்தனர். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சிற்பத் தொகுதியும் அதனோடு அமைந்த கல்வெட்டும் இதற்குச் சான்று. அரசன் ஆசிரியரை அமர்த்துவது உலக வழக்கு. அரசனைத் தேர்வதில் ஆசிரியரும் பங்கேற்ற காட்சி காஞ்சிச் சுவரில் கல்லாக நிற்கிறது.

சோழர் காலத்தில் கல்லூரிகள் ஊர்ச்சபைகளின் பொறுப்பில் அமைந்தன. இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். 1048-ஆம் ஆண்டைச் சேர்ந்த திரிபுவனைக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட மற்றொரு கல்லூரியைக் குறிக்கின்றது. செம்பரம்பாக்கத்திற்கு அணித்தான காஞ்சிப் பகுதியிலேயே, திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று கல்விக்கூடம், மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டுகின்றது.

திரிபுவனைக் கல்வெட்டில் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. அக்கல்லூரியில் கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியப் பணிகளினின்று விலக்கு அளிக்கப் பெற்றனர். கற்பித்தல் இடையறாது நடைபெற வேண்டும் என்பதே இதன் கருத்து. ஆயினும் இவ்விலக்கிற்கு மறுபக்கமும் உண்டு. வாரியப் பணியினின்று விடுபட்டவர் வாரிய அதிகாரத்தினின்றும் விலகியே நின்றனர். நிலமும் நெல்லும் சபையின் பொறுப்பிலிருந்தன. பாடம் மட்டுமே ஆசிரியர் பொறுப்பிலிருந்தது.

919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். வாரிய உறுப்பினராவதற்குக் கால்வேலி நிலம் வேண்டும் என்று விதித்த அச்சபை, வேதமும் பாடியமும் கற்று விளக்கவல்லார்க்கு அரைக்கால் வேலியே போதும் என்று தளர்த்தியது. கல்விக்கு அதிகாரத்தில் பங்களித்த விதி இது. எனினும் இவ்வமைப்புகள் பெரும்பாலான மக்களுக்கும் பெண்டிர்க்கும் கதவடைத்தவை என்பதை மறந்து பெருமை பேசுதல் வரலாற்று நேர்மையாகாது.

நீதிபதிகளின் பல்கலைக்கழகம்

1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தால் அமைந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றுமே இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு போன்றவை ஆசிரியர்களே கூடி ஆண்ட அமைப்புகள். இலண்டனோ அந்நாளில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. அயல்நாட்டு ஆட்சி இரண்டனுள் எதைத் தேர்ந்தது என்பதே பின்வந்த வரலாற்றை வகுத்தது. கற்பிப்போர் கல்லூரிகளில் இருக்க, கற்பித்தலை அளக்கும் அதிகாரம் வேறோரிடத்தில் அமைந்தது.

செனட் எனப்பட்ட ஆட்சிப் பேரவையின் உறுப்பினர்களை ஆளுநரே அமர்த்தினார். அப்பதவி வாழ்நாள் முழுமைக்கும் உரியது. வேந்தர் ஆளுநர், முதல் துணைவேந்தர் தலைமை நீதிபதி சர் கிறிசுடோபர் இராலின்சன். 1904-இல் இந்தியர் ஒருவர் முதன்முதலாகத் துணைவேந்தரானபோதும், அவ்விருக்கையில் அமர்ந்த எசு. சுப்பிரமணிய ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவரே. வகுப்பறையின் நாற்காலியினின்று அவ்விருக்கைக்குச் சென்றோர் அக்காலத்தில் சிலரே. 1901 முதல் 1904 வரை துணைவேந்தராயிருந்த கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் அவருள் ஒருவர்.

இப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்துத் தமிழராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் ஆவர். பின்னாளில் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்துத் தமிழுக்கு வாழ்வளித்தவர் தாமோதரம்பிள்ளை. ஆனால் அப்பெரும்பணி பல்கலைக்கழகம் இட்ட பணியன்று. அவர்தம் சொந்தப் பொருளாலும் உழைப்பாலும் நிகழ்ந்தது. தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பில் ஆராய்ச்சிக்கு இடமில்லாதிருந்ததை இதனின்றும் உணரலாம்.

வைசிராய் கர்சன் இதனை மாற்ற முற்பட்டார். 1901-இல் சிம்லாவில் அவர் கூட்டிய கல்வி மாநாட்டில் இந்தியர் ஒருவரும் இல்லை. 1902-இல் தாமசு இராலே தலைமையில் அமைந்த பல்கலைக்கழக ஆணையத்தில் உறுப்பினராயிருந்த நீதிபதி குருதாசு பானர்சி மாறுபட்ட கருத்தைத் தனிக்குறிப்பாக எழுதினார். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் பேரவையின் அளவைச் சுருக்கி, உறுப்பினர் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்கி, சிண்டிகேட் எனும் ஆட்சிக்குழுவிற்குச் சட்ட நிலை வழங்கியது. பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் வழிவகுத்தது. ஆனால் நூறு உறுப்பினர் வரை கொள்ளத்தக்க சென்னைப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்படுவோர் இருபதின்மர்க்கு மிகவில்லை. விதிகளைத் திருத்தவும் சேர்க்கவும் அரசு உரிமை பெற்றது. கோபால கிருஷ்ண கோகலே இதனைக் கடுமையாக எதிர்த்தார். கல்வித் தரம் என்ற பெயரில் அரசின் பிடி இறுகியது என்பதே அக்காலத் தேசியவாதிகளின் குற்றச்சாட்டு. இரண்டும் உண்மை எனலே பொருந்தும்.

தமிழ்ப் பாடமும் இரு ஆசிரியரும்

ஆட்சி அவையின் முடிவு மொழியின் வாழ்வைத் தொடுவதற்குத் தமிழ் வரலாற்றிலேயே இரு சான்றுகள் உள்ளன. இரண்டும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடையவை.

முதலாவது, 1902-இல் நிகழ்ந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தாய்மொழிகளை விலக்கும் கருத்து ஆட்சியாளரிடையே எழுந்தது. கல்லூரித் தமிழாசிரியராகிய வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் — பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர் — மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு இணைந்து இம்முயற்சியை எதிர்த்து நின்றார். தமிழ் விலக்கப்படவில்லை. அடுத்த ஆண்டிலேயே, முப்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தார். முடிவெடுக்கும் இருக்கை எதுவும் கையில் இல்லாத ஆசிரியர்கள், எழுத்தையும் பேச்சையும் மட்டுமே கொண்டு வென்ற வெற்றி அது.

இரண்டாவது, அதே கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்த மறைமலையடிகளைப் பற்றியது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வகுக்கப்பெற்ற புதிய விதிகளால் பட்ட வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாகும் நிலை நீங்கியது. அடிகள் 1911-இல் கல்லூரிப் பணியினின்று நீங்கினார். பின்னர்ப் பல்லாவரத்தில் அமர்ந்து அவர் ஆற்றிய தமிழ்ப்பணி நாடறிந்தது. தனித்தமிழ் இயக்கமும் அங்கிருந்தே வேரூன்றியது. கல்லூரி இழந்ததை நாடு பெற்றது என மனம் ஆறலாம். ஆயினும் பல்லாவரம் செல்ல வழியின்றி மறைந்த தமிழாசிரியர் எத்தனை பேரோ!

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. ஆசிரியரின் கருத்துக்கு அவையில் உரிய இடம் இல்லாதபோது, பாடத்தின் தலைவிதி தனியொருவரின் வீரத்தையே நம்பியிருக்க நேர்கிறது. வீரம் ஆண்டுதோறும் வாய்ப்பதன்று. விதியே ஆண்டுதோறும் இருப்பது.

கல்விக்குழுவின் தோற்றம்

இக்குறையை நீக்க வழி கூறியது, மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917-இல் அமைந்து 1919-இல் அறிக்கை அளித்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் ஆகும். பொருளும் கட்டடமும் ஓர் அவையின் பொறுப்பாகவும், பாடமும் தேர்வும் ஆசிரியர் நிறைந்த மற்றோர் அவையின் பொறுப்பாகவும் அமைய வேண்டும் என்பதே அவ்வாணையத்தின் சாரம். முழுநேரத் துணைவேந்தர் வேண்டும் என்பதையும் அவ்வாணையமே வலியுறுத்தியது.

இரட்டை ஆட்சிக் காலத்தில், கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோ கொணர்ந்த 1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் இக்கருத்தை ஏற்றது. பேரவை, ஆட்சிக்குழு ஆகியவற்றோடு கல்விக்குழுவும் சட்ட அமைப்பாயிற்று. இன்று தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் காணப்படும் முக்கோண அமைப்பிற்கு இதுவே தாய் எனலாம். 1929-இல் செயற்படத் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிறுவனர் குடும்பத்திற்கு ஆட்சியில் வழிவழி உரிமை அமைந்தது. அவ்வுரிமை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுற்று, பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பிற்கு வந்தது.

சென்னையில் ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராயிருந்தார். மருத்துவப் பேராசிரியராக விளங்கிய அவர் காலத்தில் பல்கலைக்கழகம் பெரிதும் வளர்ந்தது. ஆயினும் ஓர் இருக்கையில் ஒருவரே ஒரு தலைமுறைக் காலம் அமர்ந்திருக்கும்போது, அவைகளினும் ஆளுமையே மேலோங்குதல் இயல்பு.

1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது தமிழ்ப் பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தரானார், அவருக்குப்பின் மு. வரதராசனார் வந்தார். 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம் மொழியியல் பேராசிரியர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை படைத்த வா. செ. குழந்தைசாமி அண்ணா பல்கலைக்கழகத்தை ஆண்டார். 1857-இல் நீதிபதி அமர்ந்த இருக்கையில் ஆசிரியரும் கவிஞரும் அமர்ந்தது தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க மாற்றமே. எனினும் ஆசிரியர் ஒருவர் துணைவேந்தராவது வேறு. ஆசிரியர் குலம் அதிகாரத்தில் பங்கு பெறுவது வேறு. முன்னதை ஓர் ஆணையால் தரலாம். பின்னதைத் தேர்தலும் அவையும் பதிவேடுமே தரவியலும்.

தனியார் கல்லூரியும் தொழிற்சாலையும்

அதிகாரப் போட்டி கூர்மையாக நிகழ்ந்த களம் பல்கலைக்கழகத் தலைமையகமன்று, இணைப்புக் கல்லூரிகளே. நிர்வாகத்தின் விருப்பத்திற்கு ஏற்ப ஆசிரியர் பணி நீக்கப்பட்ட நிலையை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலம் போராடின. அப்போராட்டங்களின் பயனாக வந்த 1976-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிய அதிகாரியின் முன் ஒப்புதலின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தலாகாது என விதித்தது. கல்லூரிக் குழுவில் முதல்வரும் மூத்த ஆசிரியரும் இடம்பெற வழி செய்தது. சிறுபான்மையர் கல்லூரிகளின் நிலை வேறு. குசராத்துப் பல்கலைக்கழகச் சட்டம் பற்றிய தூய சவேரியார் கல்லூரி வழக்கில், ஆட்சிக்குழுவில் வெளியாரையும் ஆசிரியரையும் கட்டாயமாக அமர்த்தும் பிரிவு சிறுபான்மையர் நிறுவனங்களுக்குப் பொருந்தாது என 1974-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருந்தது.

1978-79-இல் தமிழகக் கல்லூரிகள் சில, நாட்டிலேயே முதன்முதலாகத் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கைக்கே வந்தன. ஆசிரியர் சங்கங்கள் எழுப்பிய ஐயம் ஒன்றே: தன்னாட்சி என்பதில் ‘தான்’ யார்? ஆசிரியர் குழுவா, நிர்வாகமா? ஐயம் தீர்ந்த கல்லூரிகளில் புதிய இலக்கியங்கள் பாடமாயின. தீராத இடங்களில் பழைய பாடமே புதிய அட்டையோடு வந்தது.

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு இசைவளித்தபின் காட்சி மாறிற்று. பூவிருந்தவல்லி முதல் திருப்பெரும்புதூர் வரையிலும், ஒரகடம் சாலையிலும் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் எழுந்தன. அதே நிலப்பரப்பில் 1990-களின் இறுதி முதல் தொழிற்சாலைகளும் எழுந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் மகிழுந்து வெளிவந்தது. ஏரிப்பாசன வயல்களுக்கு நடுவே கல்லூரியும் ஆலையும் அண்டை வீட்டாராயின.

அண்டை வீட்டாராயினும் சட்டத்தின் முன் இருவர் நிலையும் ஒன்றன்று. கோவாவில் பணிநீக்கம் செய்யப்பட்ட பள்ளி ஆசிரியை அ. சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில், ஆசிரியர் தொழிற்தகராறுச் சட்டம் கூறும் ‘தொழிலாளர்’ ஆகார் என 1988-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்விப் பணி மேன்மையானது. அதனைத் தொழிலாளர் வேலையோடு ஒப்பிடலாகாது என்பதே அதன் உட்கருத்து. மேன்மை என்னும் இம்மாலையே ஆசிரியரின் முறையீட்டு வழியை அடைத்தது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள், 2025 சனவரியில் தம் சங்கத்திற்குப் பதிவு பெற்றனர். அடுத்த மதிலுக்குள் ஒப்பந்த ஊதியத்தில் கற்பிக்கும் விரிவுரையாளர்க்கு அத்தகைய வழி எளிதன்று. தனியார் கல்வி நிறுவன ஆசிரியர்க்கென மாவட்ட நீதிபதி தலைமையில் தீர்ப்பாயம் வேண்டுமென்று டி. எம். ஏ. பாய் வழக்கில் 2002-இல் உச்சநீதிமன்றம் கூறியது இக்குறையை உணர்ந்தே எனலாம்.

2024 சூலையில் வெளியான செய்தி இந்நிலையின் எல்லையைக் காட்டிற்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 189 பேர் ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தமை தெரியவந்தது. கற்பிக்கும் ஆள் வேண்டியதில்லை. இணைப்பாணை பெறுவதற்கு ஒரு பெயர் போதும் என்றாயிற்று. இங்கே முத்திரை எழுத்தாணியை வெல்லவில்லை. எழுத்தாணியே இல்லாமல் ஏட்டை நிரப்பிவிட்டது. வஞ்சிக்கப்பட்டோர் கட்டணம் செலுத்திக் காத்திருந்த மாணவர்களும், வேலையின்றி நின்ற தகுதியுடைய இளைஞர்களுமே.

வேந்தர் இருக்கை

மேலிடத்திலோ வேறொரு போட்டி நிகழ்ந்துவருகிறது. துணைவேந்தரை அமர்த்தும் உரிமை வேந்தராகிய ஆளுநருக்கா, மாநில அரசுக்கா என்பதே அது. இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்திற்கு முதலமைச்சரே வேந்தர் என 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2022 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவுகள் ஆளுநர் மாளிகையில் தங்கின. 2025 ஏப்ரல் 8-இல் உச்சநீதிமன்றம் அத்தகைய பத்து முன்வடிவுகள் ஒப்புதல் பெற்றனவாகக் கருதப்படும் என்றது. மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20-இல், ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறை அரசமைப்பிற்கு ஏற்றதன்று என்று உச்சநீதிமன்ற அரசமைப்பு அமர்வு குடியரசுத்தலைவருக்குக் கருத்துரைத்தது. இதற்கிடையே, 2023 ஆகஸ்டில் காலியான சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இருக்கை ஈராண்டு கடந்தும் நிரப்பப்படாதிருந்தது.

இவ்வழக்கில் இருதரப்பு வாதங்களும் வலியுடையனவாகலாம். ஆனால் இரு தரப்பினுள் ஆசிரியர் எத்தரப்பிலும் இல்லை என்பது நோக்கத்தக்கது. இருக்கை எவருடையது என்று மாளிகையும் கோட்டையும் வழக்காடிய காலத்தில், ஆய்வேட்டோடு காத்திருந்த மாணவரும் ஓய்வூதியத்திற்குக் காத்திருந்த பேராசிரியருமே அதன் விலையைச் செலுத்தினர்.

நிறைவுரை

கடிகையார் அரசனை அழைத்து வந்த காலமும், நீதிபதிகள் ஆசிரியரை அளந்த காலமும், ஆசிரியர் அவையில் இடம்பெற்ற காலமும், பெயர் மட்டும் போதும் என்றான காலமும் ஒரே நாட்டில் நிகழ்ந்தவை. ஆட்சியாளர் வேண்டா என்று வரலாறு கூறவில்லை. ஊதியத்திற்கு நிலமளித்த சபையின்றி எண்ணாயிரமும் இல்லை. ஆசிரியர் கையில் அதிகாரம் வந்தால் எல்லாம் செம்மையாகிவிடும் என்றும் அது கூறவில்லை. தம் துறைக்குள்ளேயே வாயில் அடைத்த ஆசிரியரும் உண்டு. பாடம், தேர்வு, ஆசிரியர் நியமனம் ஆகிய மூன்றிலும் கற்றறிந்தோர் அவையின் முடிவே இறுதியாதல் வேண்டும். அவ்வவையின் நடவடிக்கைகள் எவரும் காணுமாறு வெளியிடப்படுதல் வேண்டும். பணிநீக்கப்பட்டவர் முறையிட ஒரு வாயில் வேண்டும். 1919-இலும் 1976-இலும் 2002-இலும் வெவ்வேறு குரல்களில் கூறப்பட்டவை இவையே.

உத்தரமேரூர்ச் சபை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரத் தகுதியற்றவர் எனக் கல்லில் பொறித்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒருநாட் பயணத்தில் சென்று மீளத்தக்க தொலைவில் அக்கல் இன்றும் உள்ளது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்து அன்பர்கள் ஒருமுறை அங்குச் சென்று அதனைப் படித்துவருதல் நன்று.